பதினாறு பைட்டில் ஒரு தாத்தா

தாத்தாவின் குரல் அழிந்த நாளில் நான் தட்டிய கட்டளையில் எழுத்துப்பிழை எதுவும் இல்லை. முந்தைய நாள் அதே கட்டளை ஒழுங்காக வேலை செய்தது.

பல்கலைக்கழக இறுதியாண்டு. ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினிக்காக ஒரு மெமரி கார்டில் இயங்குதளத்தை எழுத வேண்டியிருந்தது. லினக்ஸில் அதற்கு 'டிடி' என்று ஒரு பழைய கட்டளை உண்டு. எங்கிருந்து, எங்கே என்று இரண்டு விவரம் கொடுத்தால் போதும். "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது. எழுதிவிடும். முதல் நாள் கார்டின் பெயர் எஸ்டிபி. மறுநாளும் எஸ்டிபி என்றே போட்டேன். ஆனால் அன்று கார்டைச் செருகும் முன்பே வீட்டிலிருந்து கொண்டுவந்த வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று மாட்டியிருந்தது. அன்றைய எஸ்டிபி அதுதான். கார்டு எஸ்டிசி ஆகியிருந்தது. அந்த டிஸ்க்கில்தான் தாத்தா இறப்பதற்கு முன் தோட்டத்து வாழ்க்கையைப் பற்றி அத்தையிடம் பேசிய பதிவுகள் இருந்தன. பதினான்கு கோப்புகள். வேறு நகல் கிடையாது.

பக்கத்தில் இருந்த சீனியர் அண்ணன் திரையை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எஸ்டிபின்னா பேரு இல்லடா. ரெண்டாவதா வந்தவன்னு அர்த்தம். அவ்ளோதான்."

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தவனுக்கு இது எரிச்சலாக இருந்தது. ஆனால் அந்த வாக்கியம் மனதில் தங்கிவிட்டது. பெயர் மாதிரித் தெரிகிற ஒன்று பெயரே இல்லை என்றால், அதை யார் வைத்தார்கள், எதற்காக வைத்தார்கள்? அப்போது தேட ஆரம்பித்தவன், வேலைக்குப் போய் டிரைவர் நிரல்களைத் தொட ஆரம்பித்த பிறகும் நிறுத்தவில்லை.

*

கணினியின் ஆழத்தில் எந்த டிஸ்க்குக்கும் பெயர் கிடையாது. இரண்டு எண்கள்தான். முதல் எண் எந்த டிரைவர் என்று சொல்கிறது. டிரைவர் என்பது குறிப்பிட்ட வகைக் கருவியோடு பேசத் தெரிந்த நிரல். இரண்டாவது எண், அந்த டிரைவரின் பொறுப்பில் இருக்கும் கருவிகளில் எது என்று சொல்கிறது. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிறந்த யூனிக்ஸ் இயங்குதளத்திலிருந்து வந்த வழக்கம் இது. கருவிகளையும் கோப்பு மாதிரியே காட்டுவது யூனிக்ஸின் பழக்கம். 1971 நவம்பரில் வெளியான அதன் முதல் கையேட்டிலேயே 'டெவ்' என்ற கோப்புறையும், அதற்குள் ஆர்எஃப்0, ஆர்கே0 போன்ற டிஸ்க் பெயர்களும் இருக்கின்றன. ஆர்எஃப், ஆர்கே இரண்டும் டெக் நிறுவனம் விற்ற டிஸ்க்குகளின் மாடல் குறியீடு. கடையில் பெட்டி மேல் என்ன எழுதியிருந்ததோ அதுதான் பெயர்.

இந்த டெவ் கோப்புகளுக்குள் தகவல் ஒன்றும் இருக்காது. இன்றைக்கும் லினக்ஸில் அந்தக் கோப்புறையை விரிவாகப் பட்டியல் போட்டுப் பாருங்கள். மற்றக் கோப்புகளுக்கு எங்கே அளவு காட்டுமோ அங்கே 8, 16 என்று இரண்டு எண்கள் காற்புள்ளியோடு நிற்கும். அந்த ஜோடி சரியாக இருந்தால் கோப்பின் பெயர் என்னவாக இருந்தாலும் கவலையில்லை. 'கொத்தமல்லி' என்று பெயர் வைத்து அதே ஜோடியைக் கொடுத்தால் கொத்தமல்லியும் அதே டிஸ்க்கைத் திறக்கும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

பெயர் எவ்வளவு தாமதமாக வந்த விஷயம் என்பதற்கு லினக்ஸின் முதல் வெளியீடே சாட்சி. 1991 செப்டம்பரில் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பில், இயங்குதளம் எந்த டிஸ்க்கிலிருந்து எழும்ப வேண்டும் என்ற விவரம் மூலநிரலிலேயே எண்ணாகப் பதிந்திருக்கிறது. பதினாறடிமானத்தில் 306. இதில் 3 என்பது ஹார்ட் டிஸ்க் டிரைவர். 06 என்பது அன்றைய கணக்கில் இரண்டாவது டிஸ்க்கின் முதல் பார்ட்டிஷன். எப்படி என்றால், 0 முதல் டிஸ்க் முழுவதும், 1 முதல் 4 வரை அதன் பார்ட்டிஷன்கள், 5 இரண்டாவது டிஸ்க் முழுவதும், 6 அதன் முதல் பார்ட்டிஷன். அதாவது லினஸின் மேசையில் இருந்த கணினியின் விலாசம் உலகத்துக்கே வெளியிட்ட நிரலில் அப்படியே இருந்தது. அதே கோப்பில் இன்னொருவரின் கணினிக்காக 302 என்று வேறு எண்ணும் உண்டு. உங்களுடையது இரண்டும் இல்லையென்றால் நீங்களே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

பிறகு ஆட்கள் பெருகினார்கள், எண்ணை மனப்பாடம் செய்யச் சொல்ல முடியவில்லை. ஆனால் இங்கே ஒரு கோழி-முட்டைச் சிக்கல். எந்தப் பெயருக்கு எந்த எண் என்று சொல்லும் டெவ் கோப்புறை டிஸ்க்குக்குள் இருக்கிறது. அந்த டிஸ்க்கைத் திறக்கத்தான் எண் வேண்டும். அதனால் இயங்குதளத்தின் மையமான கர்னல் தனக்கென்று ஒரு சின்ன அகராதியை வைத்துக்கொண்டது. 2.4 பதிப்பு வரை அந்த அட்டவணை மூலநிரலில் வரிவரியாக இருந்தது: எச்டிஏ என்றால் 0300, எச்டிபி என்றால் 0340, எஸ்டிஏ என்றால் 0800, எஸ்டிபி என்றால் 0810. ஒரு பக்கம் பெயர், மறுபக்கம் எண். டிஸ்க் கிடைக்காமல் கணினி எழும்பாமல் நின்றுவிட்டால், கறுப்புத் திரையில் கடைசி வரியில் 08:03 என்று மட்டும் வரும். எஸ்டிஏ3 கிடைக்கவில்லை என்று அதற்கு அர்த்தம். விடிகாலையில் இந்த வரியைப் பார்த்துத் திகைத்த தலைமுறை ஒன்று உண்டு.

*

எஸ்டி என்பது 'ஸ்கஸி டிஸ்க்' என்பதன் சுருக்கம். ஸ்கஸி 1986இல் அமெரிக்கத் தரநிலையாக வந்த இணைப்பு முறை. லினக்ஸில் அதன் டிஸ்க்குகளுக்கு டிரைவர் எண் 8. ஒவ்வொரு டிஸ்க்குக்கும் 16 எண்கள் ஒதுக்கினார்கள். ஒன்று முழு டிஸ்க்குக்கு, மிச்சம் 15 பார்ட்டிஷன்களுக்கு. ஆக இரண்டாவது எண்ணை 16ஆல் வகுத்தால் ஈவு டிஸ்க், மீதி பார்ட்டிஷன். 8, 35 என்றால் ஈவு 2, மீதி 3. பூஜ்ஜியத்திலிருந்து எண்ணினால் 2 என்பது 'சி'. எஸ்டிசி3. ஆரம்பப்பள்ளிக் கணக்கு.

26 டிஸ்க் வரை இது சுகமாகப் போகும். 27வது டிஸ்க் வந்தால்?

எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான். எஸ்டிஇசட் என்பதற்கு அடுத்து எஸ்டிஏஏ. பார்க்க எளிதாக இருக்கிறது. ஆனால் 'ஏ' என்பது பூஜ்ஜியம் என்றால் 'ஏஏ' என்பது 00, அதுவும் பூஜ்ஜியம்தானே? முதல் டிஸ்க்கும் 27வது டிஸ்க்கும் ஒன்றாகிவிடும். எனவே இது சாதாரண 26 அடிமான எண்முறை இல்லை. பூஜ்ஜியமே இல்லாத எண்முறை. கணக்கு அட்டவணை மென்பொருளில் இசட் பத்திக்குப் பிறகு ஏஏ பத்தி வருகிறதே, அதே முறை. பழைய ஸ்கஸி டிரைவரில் இதற்கு 'இஃப்', 'எல்ஸ்' என்று இரண்டே கிளை: 26க்குக் கீழே என்றால் ஓரெழுத்து, மேலே என்றால் ஈரெழுத்து. 702 டிஸ்க்கோடு கதை முடிந்தது. இன்றைய டிரைவரில் ஒரு சின்னச் சுழற்சி இருக்கிறது. எண்ணை 26ஆல் வகு, மீதியை எழுத்தாக்கு, ஈவில் ஒன்றைக் கழி, மறுபடி வகு. அந்த 'ஒன்றைக் கழி'தான் சூட்சுமம். பூஜ்ஜியம் இல்லாததற்குச் செலுத்தும் ஈடு. மூன்றெழுத்து வரை போனால் 18,278 டிஸ்க்குகளுக்குப் பெயர் கிடைக்கும். அதற்கு மேலும் சுழற்சி சளைக்காமல் ஓடும். நம்முடைய பழைய எண்களிலும் பூஜ்ஜியம் இல்லை. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறி இருந்ததால் அதற்குத் தேவையும் இல்லை. இங்கே இடமதிப்பு இருந்தும் பூஜ்ஜியம் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு விசித்திர ஜந்து.

விண்டோஸ் பயன்படுத்துபவர்கள் சிரிக்க வேண்டாம். உங்கள் 'சி' டிரைவும் ஒரு வரிசை எண்தான். ஏ, பி இரண்டும் ஃபிளாப்பிக்குப் போய்விட, 1983இல் ஐபிஎம் பிசி எக்ஸ்டி ஹார்ட் டிஸ்க்கோடு வந்தபோது மிச்சமிருந்த அடுத்த எழுத்து சி. ஃபிளாப்பி செத்துப்போய் இத்தனை வருஷம் கழித்தும் அந்த இரண்டு நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. 1993இல் வந்த விண்டோஸ் என்டி முதல், உள்ளே உண்மையான பெயர் வேறு. சி என்பது அதைச் சுட்டும் புனைபெயர் மட்டுமே.

*

சரி, கணினி வைக்கும் பெயர் இப்படி. டிஸ்க் தன்னைப் பற்றி என்ன சொல்கிறது?

ஸ்கஸி கருவியிடம் 'நீ யார்' என்று கேட்க ஒரு கட்டளை உண்டு. பதிலின் முதல் பைட்டில் ஐந்து பிட் கருவியின் வகை: 0 என்றால் டிஸ்க், 1 என்றால் நாடா, 2 அச்சு இயந்திரம், 5 சிடி, 6 ஸ்கேனர். லினக்ஸில் இந்த எண்களை வார்த்தையாக்க ஓர் அட்டவணை இருக்கிறது. அதிலுள்ள பெயர்களை எல்லாம் 17 எழுத்துக்கு வெற்றிடம் சேர்த்து நீட்டியிருப்பார்கள், திரையில் பத்தி கோணாமல் வர. பட்டியலில் இல்லாத எண் வந்தால் 'தெரியாது' என்று பதில். நேர்மையான நிரல்.

அடுத்து தயாரிப்பாளர் பெயர். அதற்கு 8 எழுத்து, மாடலுக்கு 16, பதிப்புக்கு 4. எட்டே எழுத்துக்குள் நிறுவனத்தின் மானம் அடங்க வேண்டும். 'கிங்ஸ்டன்' ஆங்கிலத்தில் சரியாக எட்டு, அதிர்ஷ்டக்காரர்கள். பாசார் மாலாமில் பத்து வெள்ளிக்கு வாங்கும் பென்டிரைவைச் செருகிப் பார்த்தால் அந்த இடத்தில் பல சமயம் 'ஜெனரிக்' என்று இருக்கும். 'பொது'. ஊர், பேர் இல்லாத பிள்ளை.

வீட்டுக் கணினிகளில் இருந்த ஏடிஏ டிஸ்க்குகள் தாராளமானவை. மாடலுக்கு 40 எழுத்து, வரிசை எண்ணுக்கு 20. ஆனால் ஒவ்வொரு ஜோடி எழுத்தும் இடம் மாறி வரும். 'மலேசியா' என்பதை அந்த முறையில் அனுப்பினால் 'லமே' என்று தொடங்காது, 'லேமயாசி' என்று வரும். பதினாறு பிட்டில் எந்தப் பாதி முன்னால் என்ற பழைய குழப்பத்தின் தழும்பு இது. ஒவ்வொரு டிரைவரும் ஜோடி ஜோடியாகத் திருப்பி, பின்னால் தொங்கும் வெற்றிடத்தைச் செதுக்கி, அப்புறம்தான் திரையில் காட்டும். முதல்முறை இதைத் திருப்பாமல் படித்தபோது டிஸ்க் கெட்டுவிட்டது என்றே நினைத்தேன்.

பிற்பாடு லினக்ஸ் இந்த ஏடிஏ டிஸ்க்குகளையும் ஸ்கஸி அடுக்கின் வழியாகவே காட்ட முடிவு செய்தது. நிரல் எழுதுபவர்களுக்குச் சௌகரியம். டிஸ்க்குகளுக்கு? 40 எழுத்து மாடல் பெயர் 16க்கு வெட்டுப்பட்டது. தயாரிப்பாளர் இடத்தில் எல்லாருக்கும் ஒரே பெயர்: ஏடிஏ. குடும்பப் பெயரே போயிற்று. வங்கி அட்டையில் பாதியில் வெட்டிய பெயரோடு வாழ்கிற மலேசியத் தமிழர்களுக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. இதே மாற்றத்தில்தான் எச்டிஏ என்றிருந்தவை எஸ்டிஏ ஆகின. 2007இல் வந்த ஃபெடோரா 7 அப்படி மாறிய வெளியீடுகளில் ஒன்று. எச்டிஏ என்று கையால் எழுதிவைத்த அமைப்புக் கோப்புகள் எல்லாம் ஒரே இரவில் இல்லாத ஒருவரைத் தேட ஆரம்பித்தன.

*

சண்டை அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. 2.4 காலம் வரை லினக்ஸில் டிரைவர் எண் 256க்குள், உள் எண்ணும் 256க்குள். டிரைவர் எழுதும் ஒவ்வொருவரும் ஓர் எண் கேட்டு வருவார்கள். எச். பீட்டர் ஆன்வின் அந்தப் பதிவேட்டைப் பராமரித்தார். ஸ்கஸி டிஸ்க்குகளுக்கு மட்டும் எட்டில் தொடங்கி அங்கங்கே மொத்தம் 16 டிரைவர் எண்கள் போயின. அதிலும் 256 டிஸ்க்குகள்தான். 2001இல் லினஸ் புதிய எண் தருவதையே நிறுத்தச் சொன்னார்.

ஆஸ்திரேலியரான ரிச்சர்ட் கூச்சிடம் ஒரு தீர்வு இருந்தது: டெவ்எஃப்எஸ். எண்ணே வேண்டாம், கர்னலே நேரடியாகப் பெயர் வைக்கட்டும் என்பது அவர் கட்சி. 2000இல் அது கர்னலுக்குள் நுழைந்தது. அது வைத்த பெயர்களைக் கேளுங்கள்: ஐடிஇ, ஹோஸ்ட்0, பஸ்0, டார்கெட்0, லுன்0, கடைசியில் டிஸ்க். நடுவில் சாய்கோடுகளோடு இது முழுவதும் ஒரே டிஸ்க்கின் பெயர். அந்த 'டிஸ்க்'கின் கடைசி ஆங்கில எழுத்து 'கே' கூட இல்லை, பிரிட்டிஷ் பாணியில் 'சி'. அல் விரோ போன்ற கர்னல் நிரலாளர்கள் அதன் நிரல் தரத்தைக் கடுமையாகத் தாக்கினார்கள். என் பார்வையில் குறை வேறு. டெவ்எஃப்எஸ் கொடுத்தது விலாசம். எந்தக் கம்பியில், எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்ற தகவல். டிஸ்க்கைக் கழற்றி அடுத்த துளையில் மாட்டினால் வேறு பெயர். வீடு மாறினால் ஆளின் பெயரும் மாறும் என்பது மாதிரி.

2003இல் கிரெக் குரோ-ஹார்ட்மன் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் 'யுடெவ்' பற்றிய கட்டுரையோடு வந்தார். பெயர் வைப்பது கர்னலின் வேலையே இல்லை என்றார் அவர். கர்னல் 'ஒருவர் வந்திருக்கிறார், எண் 8, 16' என்று அறிவித்தால் போதும். வெளியே ஒரு நிரல் அவரிடம் போய் வரிசை எண் என்ன, மாடல் என்ன என்று விசாரித்து, கணினியின் சொந்தக்காரர் எழுதிவைத்த விதிப்படி பெயர் சூட்டட்டும். அதே வருஷ டிசம்பரில் வந்த 2.6 பதிப்பில் எண்களுக்கும் இடம் பெருகியது: டிரைவருக்கு 4,096, அதற்குள் பத்து லட்சத்துக்கு மேல். டெவ்எஃப்எஸ் 2006இல் நீக்கப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், 2009 டிசம்பரில் வந்த 2.6.32 பதிப்பில் டெவ்டிஎம்பிஎஃப்எஸ் என்ற பெயரில் கர்னலே மறுபடி டெவ் கோப்புகளை உருவாக்க ஆரம்பித்தது. அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் அதே குரோ-ஹார்ட்மன். கணினி வேகமாக எழும்ப வேண்டுமே! யுடெவ்வுக்கு மிஞ்சியது அந்தக் கோப்புகளுக்கு உரிமை கொடுப்பதும், பக்கத்தில் புனைபெயர்கள் வைப்பதும்.

அந்தப் புனைபெயர்கள்தான் அன்று என்னைக் காப்பாற்றியிருக்கக்கூடியவை. டெவ் கோப்புறைக்குள் 'டிஸ்க்' என்று ஒன்று இருக்கிறது. அதற்குள் மாடலும் வரிசை எண்ணும் சேர்ந்த பெயர் ஓர் இடத்தில், மாட்டியிருக்கும் துளைப்படி பெயர் ஓர் இடத்தில், யூயூஐடி ஓர் இடத்தில். யூயூஐடி என்பது 128 பிட் எண். டிஸ்க்கை ஃபார்மட் செய்யும்போது உருவாகி அதற்குள்ளேயே பதியும். இரண்டாவதாக வந்தாலும் பத்தாவதாக வந்தாலும் மாறாது. ஆனால் அதே டிடி கட்டளையால் ஒரு டிஸ்க்கை இன்னொன்றுக்கு முழுசாக நகல் எடுத்தால் யூயூஐடியும் சேர்ந்தே நகலாகும். ஒரே பெயரில் இரட்டைப் பிள்ளைகள், இரண்டும் ஒரே கணினியில் செருகியிருந்தால் யாரைத் திறக்கிறோம் என்பது அதிர்ஷ்டம்.

என் மடிக்கணினியில் இவை எல்லாமே அன்றும் இருந்தன. கார்டின் மாடல் பெயரைப் போட்டுக் கட்டளையைத் தட்டியிருந்தால் கை நடுங்கியிருக்காது. எஸ்டிபி என்பது மூன்றே எழுத்து, தட்டச் சுலபம். அதுதான் காரணம்.

*

டிடி எழுதியது டிஸ்க்கின் ஆரம்பப் பகுதியில்தான். பின்னால் இருந்த தரவு அப்படியே கிடந்தது. போனது கோப்புகளின் பெயர்ப் பட்டியல், அது ஆரம்பத்தில் இருந்ததால். ஃபோட்டோரெக் என்ற இலவச நிரல், பெயரைப் பற்றிக் கவலைப்படாமல் டிஸ்க்கை முழுக்கத் துழாவி, 'இது ஒலிக்கோப்பு மாதிரி தொடங்குகிறது' என்று அடையாளம் கண்டு அள்ளிக்கொண்டு வரும். ஒரு ராத்திரி முழுக்க ஓடியது. காலையில் பதினான்கில் பதினொன்று வந்திருந்தன. பெயர்கள் இல்லை. ஃபோட்டோரெக் 'எஃப்' என்ற எழுத்தோடு, கோப்பு கிடைத்த இடத்தின் எண்ணைப் பெயராக வைத்திருந்தது. மறுபடியும் விலாசம்.

அத்தை ஒவ்வொன்றுக்கும் பார்த்துப் பார்த்துப் பெயர் வைத்திருந்தார்: 'பாட்டி கல்யாணம்', 'ஜப்பான்காரன் காலம்', 'கிராணி'. எது எது என்று தெரிய ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டியதாயிற்று. அதுவரை நான் அவற்றை முழுதாகக் கேட்டதே இல்லை. ஒன்றில் தாத்தா சிரித்துக்கொண்டே சொல்கிறார், தோட்டத்துக் கிராணி காதில் விழுந்ததைப் பதிவேட்டில் எழுதினாராம், அதுவே ஐசியில் ஏறிவிட்டதாம், வீட்டில் கூப்பிட்ட பெயர் எந்தக் காகிதத்திலும் இல்லையாம். அதுதான் 'கிராணி' என்று நினைத்துப் பெயர் மாற்றினேன். அத்தையிடம் சொன்னதும், "அது இல்லப்பா, கிராணி கதை வேற. ரெண்டு மணி நேரம் ஓடும்" என்றார். அது வராத மூன்றில் ஒன்று.

மீட்டதை இரண்டு புது டிஸ்க்குகளில் எழுதி வைத்தேன். ஃபார்மட் செய்யும்போது டிஸ்க்குக்கு நாமே ஒரு பெயர் கொடுக்கலாம். டெவ்வுக்குள் அந்தப் பெயராலும் திறக்கலாம், தமிழிலும் வைக்கலாம். 'தாத்தா' என்று அடித்தேன். நீளம் அதிகம், வெட்டப்படுகிறது என்று எச்சரிக்கை வந்தது. நான் தேர்ந்தெடுத்த இஎக்ஸ்டி4 முறையில் பெயருக்கு 16 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறியும் 3 பைட். தாத்தாவில் த, துணைக்கால், த, புள்ளி, த, துணைக்கால் என்று ஆறு குறிகள், 18 பைட். அம்மாவும் அப்பாவும் 15 பைட்டில் அடங்கிவிடுகிறார்கள். பாட்டியும் தாத்தாவும் அடங்குவதில்லை.

கடைசியில் ஆங்கில எழுத்தில் தாத்தா என்று வைத்தேன். ஆறு பைட். டிஸ்க்கின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, மார்க்கர் பேனாவால் தமிழில் எழுதியிருக்கிறேன்.